தறியும் தூரிகையும்



கமண்டல நாகநதியின் கரையில் அமைந்தது எங்கள் ஆரணி. நெல்லுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். 1989 ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வாண்டு மாவட்டம் பிரிக்கப்பட்டது முதல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. நெசவாளர் வாழும் தெருக்களில் காலையில் நடந்து சென்றால், வீட்டுக்குள் இருப்பவர் கண்ணில் படுவதற்கு முன்பே அவருடைய தறியின் ஓசை காதில் விழும். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலும் இவ்வோசையைக் கேட்கலாம். இந்த ஊரில்தான் நான் ஆசிரியனாகப் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு தூரிகையைப் பற்றி. அதற்கு மயிரும் இல்லை, காம்பும் இல்லை. வண்ணக் கிண்ணத்தில் தோய்க்க வேண்டுவதும் இல்லை. கணிப்பொறியில் படம் வரையும் மென்பொருளுக்குள் இருக்கும் தூரிகை அது. உங்களில் பலர் அதைக் கையாண்டிருப்பீர்கள். ஆனால் அதில் ஆயத்தமாகக் கிடைக்கும் தூரிகைகளோடு நில்லாமல், தமக்கென ஒரு தூரிகையைத் தாமே செய்துகொண்டவர் எத்தனை பேர்?

தூரிகையைச் செய்வதா என்று வியக்க வேண்டா. 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த டீலக்ஸ் பெயின்ட் என்னும் மென்பொருளிலேயே, திரையில் உள்ள படத்தின் எந்தப் பகுதியையும் வெட்டியெடுத்துத் தூரிகையாக்கிக் கொள்ளலாம். 1990-இல் போட்டோஷாப் வந்தது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் ஆக்கிய கிம்ப் என்னும் மென்பொருள் 1996-இல் வெளியாயிற்று. போட்டோஷாப்புக்குப் பணம் தர வேண்டும். கிம்ப்பை யார் வேண்டுமானாலும் விலையின்றிப் பெறலாம். ஓய்வூதியத்தில் வாழும் என்போன்றவர் எதை நாடுவர் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இத்தூரிகை வேலை செய்யும் முறை மிக எளியது. திரையில் நீங்கள் ஒரு கோடு இழுக்கிறீர்கள். பார்வைக்கு அது ஒரே கோடு. உண்மையில் அது ஒரு சிறு முத்திரை, ஒன்றன்மேல் ஒன்றாக, மிக நெருக்கமாகப் பதிந்து சென்ற தடம். துணியில் அச்சுக்கட்டையால் பூப் பதிப்பவர் கையை அடுத்தடுத்து எடுத்து வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டையை எடுத்து வைக்கும் தொலைவை மாற்றினால் பதிவின் தோற்றம் மாறுகிறது அல்லவா? தூரிகைக்கும் அப்படி ஓர் இடைவெளி அளவு உண்டு. அது 25 விழுக்காடாக இருந்தால் முத்திரைகள் ஒன்றையொன்று மூடிக் கோடாகத் தெரியும். 100 விழுக்காடாக்கினால் ஒன்றையடுத்து ஒன்று தொட்டு நிற்கும். 120 ஆக்கினால் நடுவே சிறு வெளி விட்டு, கரையில் மாங்காய்கள் வரிசை பிடித்தாற்போல் அமையும்.

இனி, முத்திரையைச் செய்யும் வழி. வெண்மையான பரப்பில் கருமையாக ஓர் உருவத்தை வரையுங்கள். அல்லது தாளில் வரைந்ததைப் படமெடுத்து உள்ளே கொண்டுவாருங்கள். போட்டோஷாப்பில் அவ்வுருவத்தைக் கட்டமிட்டுத் தேர்ந்து, அதைத் தூரிகையாக வரையறுக்கும் கட்டளையைக் கொடுத்து ஒரு பெயர் இட்டால் போதும். கிம்ப்பில் அதைத் தூரிகைக் கோப்பாகச் சேமித்து, தூரிகைகள் வைக்கும் உறையில் இட வேண்டும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் உருவத்தை நகல் எடுத்த மாத்திரத்தில் அது தற்காலிகத் தூரிகையாக வரிசையின் தலைப்பில் வந்து நிற்கும். கருமை உள்ள இடத்தில் மை பதியும்; வெண்மை உள்ள இடத்தில் பதியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறம் இருக்குமானால், அதன் அளவுக்கேற்ப மெல்லிதாகப் பதியும். இந்தச் சாம்பல் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் வரும் இடர்ப்பாடு முழுவதும் அதனால் நேர்ந்ததே.

ஓய்வு பெற்றபின் என் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் பழைய கணிப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு, மாலை வேளையில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்பித்து வந்தேன். அவர்களுள் ஒருவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்து வந்தான். படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னையில் பொருள்களை வீடு வீடாகச் சேர்க்கும் வேலைக்குப் போக எண்ணியிருந்தான். அவன் தந்தையார் ஒருநாள் என்னிடம் வந்து, “ஐயா, இவனுக்குக் கை நல்லா வரையுது. டிசைன் போடுற வேலையாவது கத்துக்கிட்டா ஊரோடு இருப்பான்” என்றார். நானும் அவருக்கு உறுதி கூறினேன். கூறியவனுக்குத் தறியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது பின்னர் வெளிப்பட்டது.

நானும் அவனும் சேர்ந்து ஒரு மாங்காய்த் தூரிகை செய்தோம். ஓரங்கள் மென்மையாக இருக்க வேண்டும் என்றேன். நுனி வளைவு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்றேன். இணையத்தில் கிடைத்த கொடித் தூரிகை ஒன்றையும் இடையில் சேர்த்தோம். திரையில் அது கண்ணைப் பறித்தது. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அட்டை குத்துபவரிடம் சென்றோம். அவர் கண்ணாடியை மூக்கில் தாழ்த்திக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாங்காயின் ஓரத்தில் விரலை வைத்தார். “சார், இந்தச் சாம்பல் புள்ளிக்குத் துளை போடணுமா, வேணாமா?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆனாலும் முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் விடை சொல்லிப் பழகியவனுக்கு வாய் சும்மா இருக்குமா? “எல்லாவற்றுக்கும் துளை போடுங்கள்” என்றேன்.

அவர் கேட்ட கேள்வியின் ஆழம் விளங்க வேண்டுமானால், தறியில் பூ எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். நெடுக்கே செல்வது பாவு. குறுக்கே செல்வது ஊடை. எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை ஊடை ஒவ்வொரு முறை செல்லும்போதும் தறிக்குச் சொல்லியாக வேண்டும். பழைய நாளில் இதற்காக அடை கட்டுவர். நெசவாளருக்குத் துணையாக ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறுவன், பக்கத்தில் அமர்ந்து முறைப்படி இழைகளை இழுத்துத் தருவான். பள்ளிக்கு வர வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்து வளர்ந்தார்கள்.

இந்த வேலையைப் பொறியே செய்யும் வழியைப் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து நெசவாளர்கள் நெடுங்காலம் தேடினர். 1725-இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். அவருக்குப் பின் வந்தவர்களின் முயற்சிகளை ஒன்றுகூட்டி, ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் தம் பொறியை நிறைவு செய்தார். ஊடை செல்லும் ஒவ்வொரு முறைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் ஊசி அதனுள் நுழையும். அதற்குரிய கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையேல் ஊசி பின்னே தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டு, கடைசி அட்டைக்குப் பின் முதல் அட்டை மீண்டும் வரும். அதனால் ஒரு மாங்காய் முடிந்ததும் அதே மாங்காய் மறுபடியும் தொடங்கும். சற்று முன் நான் சொன்ன முத்திரைத் தூரிகை இதைவிட எவ்வகையில் வேறு?

இவ்வொற்றுமை தற்செயலாக வந்ததன்று. 1839-இல் லியோன் நகரில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள்; அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அந்தப் படங்களுள் ஒன்றை இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லசு பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குத் துளையட்டையையே அவர் மேற்கொண்டார். அப்பொறியைப் பற்றி 1843-இல் குறிப்புகள் வரைந்த ஏடா லவ்லேஸ் அம்மையார், அதை விளக்க ஜக்கார்டுத் தறியையே உவமையாக எடுத்தாண்டார். ஆகவே கணிப்பொறியின் குலமுறையைப் பின்னோக்கித் தேடிச் சென்றால் தறியின் பக்கம் ஒரு கிளை வந்து சேர்கிறது. எங்கள் தெருவில் ஜக்கார்டுப் பெட்டியின் கீழ்க் குழித்தறியில் அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாது. கணிப்பொறி வகுப்பில் அமர்ந்திருக்கும் அவர் மகனுக்கும் எவரும் சொல்வதில்லை.

இப்போது அட்டை குத்துபவரின் கேள்விக்கு வருவோம். அவர் முன்னே இருப்பது கட்டத்தாள். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு கொக்கி. குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஓர் அட்டை. கட்டம் ஒன்று நிரம்பியிருக்கும் அல்லது வெறுமையாக இருக்கும். பாதித் துளை என்று ஒன்று இல்லை. இழை அரைவாசி எழுவதும் இல்லை. கணிப்பொறித் திரையோ கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே சாம்பல் படிகளை இட்டுச் சாய்வான ஓரத்தை மழுப்பிக் காட்டும். கருமை முதல் வெண்மை வரை 256 படிகள் அதற்கு உண்டு. தறிக்கு இரண்டே படிகள்.

நான் சொன்னபடி எல்லாச் சாம்பல் புள்ளிகளும் துளையாயின. நெய்து பார்த்ததில், மாங்காய் வீங்கிய கன்னம் போல் பருத்திருந்தது. கொடியின் மெல்லிய தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகிவிட்டன. மாங்காயின் வயிற்றுப் பகுதியில் சரிகை எங்கும் பிடிப்பின்றிக் கிடந்தது. பையனின் தந்தையார் விரல் நகத்தால் அதை மெல்ல நெருடினார். ஒரு சரிகை இழை வளையம்போல் மேலே எழும்பி வந்தது. பெண்கள் கையில் வளையல் அணிவார்கள், விரலில் மோதிரம் அணிவார்கள். ஒருமுறை சிக்கினால் புடைவையின் அழகு அன்றோடு போயிற்று. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. நெய்த துண்டை வெட்டி எடுத்து மடித்து வைத்தார். அட்டைக்கும் சரிகைக்கும் ஆன செலவை நான் கொடுக்க முற்பட்டபோதும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரு வாரம் கழித்துப் பையன் என் வீட்டுக்கு வந்தான். சென்னைக்குப் போகப் பயணச்சீட்டு எடுத்துவிட்டானோ என்று அஞ்சினேன். அவன் கையில் பழுப்பேறிய தாள் ஒன்று இருந்தது. அவன் பாட்டனார் வரைந்த கட்டத்தாள். டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய கணக்குப் புத்தகங்களோடு கிடந்ததாம். 60 கட்டம் அகலமும் 80 கட்டம் உயரமும் கொண்ட ஒரு மாங்காய். மடிப்புகளில் கிழிந்திருந்தாலும் கட்டங்கள் யாவும் எண்ணும்படி இருந்தன.

அதைப் பார்த்தவுடன் நான் செய்த முதல் காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மாங்காயின் உட்புறம் முழுவதும் சிவப்பு மையால் நிரப்பப்பட்டிருந்தது. ஆனால் ஆங்காங்கே ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. கிழவர் கண் மங்கிய காலத்தில் வரைந்தார் போலும், பல இடங்களில் தவறவிட்டுவிட்டார் என்று எண்ணி, அவற்றை நிரப்பிவிடலாம் என்றேன். ஆசிரியர் கை பிழையைக் கண்டால் சும்மா இராது. பையன்தான் தடுத்தான். “ஐயா, எண்ணிப் பாருங்கள்” என்றான்.

எண்ணினோம். ஒவ்வொரு வரியிலும் எட்டுக் கட்டத்துக்கு ஒன்று வெறுமை. அடுத்த வரியில் அவ்வெறுமை மூன்று கட்டம் தள்ளி. அதற்கடுத்த வரியில் மீண்டும் மூன்று கட்டம் தள்ளி. எட்டு வரி கழிந்தபின் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. எங்கும் ஒரு தவறு இல்லை. அவ்வெறுங்கட்டங்களில்தான் பாவு இழை சரிகையைப் பிடித்துக் கட்டுகிறது. மூன்று மூன்றாகத் தள்ளி வைத்ததால் அக்கட்டுகள் கோடாகத் தெரியாமல் சிதறி மறைகின்றன. சரிகை ஒரே பொற்றகடு போல் மின்னுகிறது. எட்டாம் வகுப்புக் கணக்கில் வகுத்தல் மீதியை நான் எத்தனையோ ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். அது ஒரு மாங்காய்க்குள் இவ்வாறு குடியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தத் தாளிலிருந்து இரண்டாம் தூரிகையைச் செய்தோம். இம்முறை தூரிகைக் கருவியைத் தொடவே இல்லை. ஓரத்தை மழுப்பாத பென்சில் கருவியைக் கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளியாக மூன்று மாலை வேளைகளில் குறித்தோம். தாளைப் படமெடுத்துச் சுருக்கியிருந்தால் வேலை ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் பெரும்பாலும் சாம்பல் புள்ளிகள் மீண்டும் புகுந்துவிடுகின்றன. தூரிகையைச் சாய்ப்பதும் சுழற்றுவதும் அப்படியே. ஆகையால் நெசவுக்கான முத்திரையை அது நெய்யப்படும் அளவிலேயே செய்ய வேண்டும். செய்தபின் அளவை மாற்றக் கூடாது. திரையில் கட்டக்கோடுகளைத் தோன்றச் செய்து, கோட்டை இழுக்காமல், ஒவ்வொரு மாங்காயாக எண்ணிப் பதிப்பது நன்று. இன்றைய கைப்பேசிப் படமொன்றில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. 240 கொக்கி உள்ள பெட்டிக்குக் குறுக்கே 240 புள்ளிகளே வேண்டும். அதற்குள் நான்கு மாங்காய் நிற்கும்.

இன்னொன்றையும் அந்தத் தாள் எங்களுக்குச் சொல்லிற்று. அதில் கட்டங்கள் சதுரமாக இல்லை. சற்றே நீள்சதுரமாக இருந்தன. ஏன்? ஓர் அங்குல அகலத்தில் 100 பாவு இழையும், ஓர் அங்குல நீளத்தில் 80 ஊடையும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 80 புள்ளி அகலமும் 80 புள்ளி உயரமும் உள்ள வட்டத்தை வரைந்து நெய்தால் என்ன ஆகும்? அகலம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றே மிகும். நீளம் ஓர் அங்குலம் ஆகும். வட்டம் முட்டை வடிவாகிவிடும். துணியில் ஓர் அங்குல வட்டம் வேண்டுமானால் திரையில் 100-க்கு 80 என்று அகன்ற வடிவில் வரைய வேண்டும். கண்ணுக்கு அது தட்டையாகத் தெரியும். தெரிந்தால் சரியென்று கொள்க. சக்கரமும் ருத்திராட்சமும் புட்டாவாக வரும்போது இந்தக் கணக்குத் தவறினால் பார்ப்பவர் உடனே கண்டுகொள்வர்.

இணையத்தில் ஆயிரக்கணக்கான தூரிகைகள் கிடைக்கின்றன. அவற்றில் அழகியவை பல. சுவரொட்டிக்கும் அழைப்பிதழுக்கும் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உரிமை நிபந்தனையை மட்டும் படித்துப் பாருங்கள். ஆனால் அவற்றைச் செய்தவர் தறியை மனத்தில் கொண்டு செய்தவர் அல்லர். கட்டு எங்கே விழ வேண்டும் என்பது அவற்றில் இல்லை. இக்காலத்தில் துளையட்டைக்கு மாற்றாக மின்னணு ஜக்கார்டு சில இடங்களில் வந்துவிட்டது. படக்கோப்பை நேரே தறிக்குக் கொடுத்துவிடலாம். அட்டை குத்துபவர் நடுவே இல்லாததால், சாம்பல் புள்ளியைப் பற்றிக் கேட்க ஓர் ஆளும் இல்லை. அப்போது அந்தக் கேள்வியைத் தூரிகை செய்பவரே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது பெயரைக் காக்கும். ஒவ்வொரு பூவேலைப்பாட்டையும் அது காவாது. புதிதாக ஆக்கிய வடிவமைப்பை 2000 ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் மாங்காயும் மயில்கண்ணும் எவருக்கும் தனியுடைமை ஆகா. ஆயினும் உயிரோடிருக்கும் ஒருவர் இரவு பகலாக உழைத்து வரைந்த கட்டத்தாளைப் படமெடுத்துத் தூரிகையாக்கி நம் பெயரிட்டுக்கொள்வது, சட்டம் என்ன சொன்னாலும், திருட்டென்றே நான் சொல்வேன். கேட்டு வாங்குங்கள். கேட்டால் மகிழ்ந்து தருபவரே எங்கள் ஊரில் மிகுதி.

இரண்டாம் மாதிரியை எடுத்துக்கொண்டு அதே அட்டை குத்துபவரிடம் போனோம். அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். “இது உங்க தாத்தா கட்டு ஆச்சே” என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. நெய்து வந்தபோது பையனின் தந்தையார் முன்போலவே நகத்தால் நெருடிப் பார்த்தார். இழை எழவில்லை.

பையன் கல்லூரிப் படிப்பைத் தொடர்கிறான். மாலையில் எங்கள் அறையில் டிரங்குப் பெட்டித் தாள்களை ஒவ்வொன்றாகத் தூரிகையாக்கி வருகிறான். இதுவரை பதினொன்று ஆகியிருக்கின்றன. முதல் தூரிகைக்குத் ‘தாத்தா மாங்காய்’ என்று பெயரிட்டிருக்கிறான். மூன்று தாள்களை எலி கடித்திருக்கிறது. ஓர் அன்னப்பட்சிக்குக் கழுத்தும் அலகும் இல்லை. கணிப்பொறியில் அவற்றை ஊகித்து நிரப்பிவிட ஐந்து நிமிடம் போதும். சிவப்பு மையோடு நான் அவசரப்பட்டது நினைவிருக்கிறபடியால், அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டுவைத்திருக்கிறோம். தேவிகாபுரத்தில் முதிய நெசவாளர் ஒருவருக்கு அந்த அன்னம் தெரிந்திருக்கலாம் என்று அட்டை குத்துபவர் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தாளையும் எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம்.